லண்டன்ல கவுன்சில் வீடு: காசு எங்கயிருந்து வருது, லிஸ்ற் எப்பிடி நகருது, புதுசா வந்த ஆக்கள் எங்க தொடங்கிறது

வீட்டுக்காரர் நோட்டீஸ் தந்த உடன திறப்பைக் குடுத்திட்டு வெளியில வந்திடாதேங்கோ. இதை முதல்லயே சொல்லிப்போட்டுத்தான் மிச்சத்தை எழுதுறன். 14 வருசமா எங்கட சனத்தோட மொழிபெயர்க்கவெண்டு கவுன்சில் (உள்ளூராட்சிச் சபை) ஒஃபிசுகளுக்குப் போய்வாறன், அதில நான் கண்ட பெரிய இழப்புகள் கனக்க இந்த ஒண்டாலதான் வந்தது. நல்ல மனசோட, வீட்டுக்காரரோட ஏன் சண்டையெண்டு நினைச்சு, சொன்ன திகதிக்கு முதலே சாமானைக் கட்டிக்கொண்டு, ரெண்டு பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு நேர கவுன்சிலுக்கு வருவினம், அங்க "நீங்களா விட்டிட்டு வந்தனீங்கள்" எண்டு எழுதிப் போடுவாங்கள். அந்த ஒரு வசனம் விழுந்தால் பிறகு அதை அழிக்கிறது பெரிய பாடு. கவுன்சில் எழுத்தில சொல்லாமல் வெளிக்கிடாதேங்கோ, இருக்கிற வரைக்கும் வாடகையையும் நிப்பாட்டாதேங்கோ.

இது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்கொட்லாந்து, வேல்ஸ் சட்டம் வேற, வட அயர்லாந்தில கவுன்சில் வீடே குடுக்கிறேல்லை, அங்க ஹவுசிங் எக்செக்கியூட்டிவ் எண்டு தனிச் சபை இருக்கு.

படிகளைச் சொல்ல முதல் காசைச் சொல்லவேணும். எல்லாரும் "எப்பிடி அப்ளை பண்ணுறது" எண்டுதான் கேப்பினம், ஆனா காசு எந்தப் பெட்டியில இருந்து வருதெண்டு விளங்கினால்தான் அந்தக் கவுண்டர்ல இருக்கிறவ ஏன் அப்பிடிக் கதைக்கிறா எண்டு விளங்கும்.

கவுன்சிலிட்ட ரெண்டு பெட்டி இருக்கு. ஒண்டு பொதுப் பெட்டி, கவுன்சில் ராக்ஸ், அரசாங்கம் தாற காசு எல்லாம் அதுக்குள்ள போகும், குப்பை எடுக்கிறது, லைப்ரரி, வயசு போன ஆக்களைப் பராமரிக்கிறது எல்லாம் அதில இருந்து. மற்றது ஹவுசிங் றெவெனியு அக்கவுண்ட், வீட்டுக் கணக்கு. கவுன்சில் வீட்டில இருக்கிற ஆக்கள் கட்டுற வாடகை இதுக்குள்ளதான் போகும், அந்த வீடுகளின்ர திருத்தவேலை, லிஃப்ற், ஒஃபிஸ் ஆக்களின்ர சம்பளம், வீடு கட்ட எடுத்த கடனுக்கு வட்டி எல்லாம் இதில இருந்துதான் போகும். 1989 இல வந்த சட்டம் இந்த ரெண்டு பெட்டிக்கும் நடுவில சுவர் கட்டிப்போட்டுது. வீட்டுக் கணக்கில துண்டு விழுற மாதிரி பட்ஜெற் போடவும் ஏலாது. அப்ப "நான் கவுன்சில் ராக்ஸ் கட்டுறன், எனக்கு ஏன் வீடு தாறியள் இல்லை" எண்டு கேட்டால் அங்க பதில் இல்லை, அந்தக் காசு இந்தப் பெட்டிக்கு வாறதே இல்லை. அதே மாதிரி "எங்கட ராக்ஸ் காசிலதான் கவுன்சில் வீட்டுக்காரர் இருக்கினம்" எண்டு வெளியில சொல்லுற கதையும் பிழை. அந்த வீடுகளை நடத்துறது அங்க இருக்கிறவையின்ர வாடகை. வாடகை கட்ட வழியில்லாத ஆக்களுக்கு மத்திய அரசாங்கம் பெனிபிற்றால குடுக்குது, அது வேற கணக்கு.

2012 ஏப்ரலுக்கு முதல் நாடு முழுக்க இருந்த கவுன்சில் வாடகையை அரசாங்கம் ஒரு இடத்தில கணக்குப் பார்த்து பிரிச்சுக் குடுத்தது. பிறகு கடனைப் பங்குபோட்டுக் குடுத்து, "உங்கட வாடகை உங்களுக்கு, உங்கட கடனும் உங்களுக்கு" எண்டு விட்டிட்டினம். நல்ல விசயம்தான், ஆனா வாடகை எவ்வளவு கூட்டலாமெண்டு முடிவெடுக்கிறது இன்னும் அரசாங்கம். 2016 இல இருந்து 4 வருசம் வருசத்துக்கு 1% குறைக்கச் சொன்னது, 2023 இல விலைவாசி 10% தாண்டின நேரம் 7% க்கு மேல கூட்டக்கூடாதெண்டது. வாடகைக்காரருக்கு அது நிம்மதிதான், நான் குறை சொல்லேல்லை. ஆனா பெட்டிக்குள்ள வாற காசு குறைய முதல்ல நிக்கிறது திருத்தவேலை. 2018 ஒக்ரோபர்ல கடன் எடுக்கிற உச்சவரம்பை எடுத்திட்டினம், அதால வாடகை வருமானத்தைக் காட்டி அரசாங்கத்திட்ட கடன் எடுத்துத் திரும்பவும் கட்டத் தொடங்கினாங்கள். அதோட லண்டன் மேயரின்ர மானியம், பெரிய கட்டடக் கொம்பனியள் பிளானிங் அனுமதிக்காகத் தரவேண்டிய பங்கு, வித்த வீடுகளால வந்த காசு, இப்பிடி நாலைஞ்சு இடத்தில பொறுக்கித்தான் ஒரு புது பிளாக் எழும்புது.

ஏன் இவ்வளவு தட்டுப்பாடு எண்டு கேட்டால், 1980 இல வந்த றைற் ரு பை சட்டத்தால, அதாவது இருக்கிற கவுன்சில் வீட்டைக் கழிவு விலைக்கு வாங்கிற உரிமையால, இங்கிலாந்தில 20 லட்சத்துக்குக் கிட்ட வீடு விலைப்பட்டுது, அதுக்கு ஈடாக் கட்டினது கொஞ்சம். டகன்ஹாம்ல பெக்கன்ட்ரீ எஸ்ரேற் எண்டு ஒண்டு இருக்கு, முதலாம் யுத்தத்துக்குப் பிறகு 1921 இல தொடங்கி லண்டன் கவுண்டி கவுன்சில் 25 ஆயிரம் வீட்டுக்கு மேல கட்டினது. அந்தப் பக்கம் எங்கட ஆக்கள் எவ்வளவோ பேர் இப்ப இருக்கினம், சிலபேர் கவுன்சில் வாடகையில, சிலபேர் அதே மாதிரிப் பக்கத்து வீட்டில தனியார் வாடகையில, பலமடங்கு காசு குடுத்து. ரெண்டுக்கும் செங்கல் ஒண்டுதான்.

சரி, இனிப் படிக்கு வருவம்.

முதல்ல உங்கட விசாவைப் பாருங்கோ. கார்ட்டில அல்லது ஒன்லைன் ஸ்ரேற்றஸ்ல "நோ றிகோர்ஸ் ரு பப்ளிக் ஃபண்ட்ஸ்", அதாவது அரசாங்க உதவி எடுக்கக் கூடாது, எண்டு இருந்தால் கவுன்சில் வீட்டு லிஸ்ற்றுக்குப் போட ஏலாது, போட்டால் விசா நிபந்தனையை மீறினதாப் போகலாம், பிறகு விசா நீட்டிக்கேக்க பிரச்சினை. வேர்க் விசா, ஸ்ருடன்ற் விசா, ஸ்பவுஸ் விசா எல்லாம் அனேகமா இப்பிடித்தான். யாராவது "நான் நிரப்பித் தாறன், 300 பவுண் தாங்கோ" எண்டால் நம்பாதேங்கோ, ஃபோர்ம் நிரப்பக் காசே இல்லை. அகதி ஸ்ரேற்றஸ் கிடைச்ச ஆக்கள், நிரந்தர வதிவிடம் உள்ள ஆக்கள், பிரிட்டிஷ் குடியுரிமை உள்ளவை சாதாரணமாப் போடலாம். அசைலம் கேஸ் இன்னும் நடக்குதெண்டால் வீடு தாறது ஹோம் ஒஃபிஸ், கவுன்சில் இல்லை. ஸ்ரேற்றஸ் வந்த உடன அந்த ஹோம் ஒஃபிஸ் வீட்டை விடச்சொல்லி லெற்றர் வரும், அந்த லெற்றர் வந்த அண்டைக்கே கவுன்சிலுக்கு அறிவியுங்கோ, கடைசிக் கிழமை வரைக்கும் வைச்சிருக்காதேங்கோ. இன்னொண்டு, ஹோம் ஒஃபிஸ் உங்களைக் கடைசியா வைச்சிருந்த ஊரோடதான் சட்டப்படி உங்களுக்குத் தொடர்பு உண்டாகுது. நீங்கள் மிடில்ஸ்பரோவில இருந்தால், சொந்தக்காரர் ஹரோவில இருக்கினமெண்டு ஹரோ கவுன்சிலுக்கு வந்தால், அனேகமாத் திருப்பி அனுப்பப் பாப்பாங்கள்.

அடுத்தது, ரெண்டு கதவு இருக்கு, எது உங்கட கதவெண்டு தெரிஞ்சுகொள்ளுங்கோ. 1996 வீட்டுச் சட்டத்தில 6ம் பகுதி வெயிற்றிங் லிஸ்ற், 7ம் பகுதி வீடில்லாத ஆக்களுக்கு உதவி. எங்கட சனம் ரெண்டையும் போட்டுக் குழப்பும். 6ம் பகுதி மெதுவான கதவு, இங்கிலாந்து முழுக்க 13 லட்சம் குடும்பம் அதில நிக்குது. 7ம் பகுதி, இன்னும் 56 நாளுக்குள்ள வீடு இல்லாமல் போகப் போகுது அல்லது இப்பவே இல்லை எண்டவைக்கு. 2018 ஏப்ரல் இல இருந்து, கவுன்சில் உங்களை விசாரிச்சு உங்களுக்கெண்டு ஒரு திட்டம் எழுதித் தரவேணும், 56 நாள் வீடு போகாமல் தடுக்கப் பாக்கவேணும், போயிட்டால் இன்னொரு 56 நாள் வீடு தேட உதவவேணும். அதுக்குப் பிறகும் கிடைக்கேல்லையெண்டால்தான் பெரிய கடமை வருது, அதுக்கு அஞ்சு கேள்வி: விசாப்படி தகுதி இருக்கோ, உண்மையில வீடு இல்லையோ, முன்னுரிமை உள்ள ஆளோ, வேணுமெண்டு வீட்டை இழந்தவரோ, இந்த ஊரோட தொடர்பு இருக்கோ. பிள்ளையள் இருந்தால், வயித்தில பிள்ளை இருந்தால், வீட்டில அடி உதையால வெளியேறி வந்தால் முன்னுரிமை உண்டு. தனி ஆள் எண்டால் வருத்தமோ வேற காரணமோ காட்டவேணும். ஊர்த் தொடர்புக்கு கடைசி 12 மாசத்தில 6 மாசம், அல்லது 5 வருசத்தில 3 வருசம் இருந்திருந்தால் சாதாரணமாப் போதும். ஆனா கவனம், வெயிற்றிங் லிஸ்ற்றுக்கு இந்தக் கணக்கு இல்லை, அதை ஒவ்வொரு கவுன்சிலும் தன்ர பாட்டில வைக்கும், லண்டன்ல சில இடத்தில 5 வருசம் கேப்பாங்கள், அதைவிடக் கூடவும் கேப்பாங்கள். உங்கட கவுன்சிலின்ர "அலொக்கேசன் பொலிசி", வீடு ஆருக்கு எப்பிடி ஒதுக்கிறதெண்ட பேப்பர், வெப்சைற்றில கிடக்கும். நீளம்தான், ஆனா அதுதான் உங்கட சட்டப்புத்தகம், ஆரையும் பிடிச்சு வாசிச்சு விளங்கிக்கொள்ளுங்கோ.

7ம் பகுதியில போற ஆக்களை ரெம்பரரி வீட்டில போடுவாங்கள். இதுக்குக் காசு போறது மற்றப் பெட்டியில இருந்து, பொதுப் பெட்டி. அரசாங்கம் இந்த வாடகைக்கு கவுன்சிலுக்குத் திருப்பிக் குடுக்கிறது 2011 வாடகைக் கணக்கின்ர 90% மட்டும்தான், மிச்சம் கவுன்சிலின்ர தலையில. லண்டன் கவுன்சில்கள் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 40 லட்சம் பவுண் இதுக்குச் செலவழிக்கிறம் எண்டு 2024 இல சொன்னது. அதாலதான் அந்த ஒஃபிசர் "தனியார் வாடகையைப் பாருங்கோ, டெப்பொசிற்றுக்கு நாங்கள் உதவுறம்" எண்டு திரும்பத் திரும்பச் சொல்லுறது, அதாலதான் லூட்டன், எஸெக்ஸ் எண்டு தூர அனுப்பப் பாக்கிறதும். அது உங்களோட கோவமில்லை. ஆனா அவையின்ர கஷ்டம் உங்கட உரிமையைக் குறைக்காது. பிள்ளையளோட இருக்கிற குடும்பத்தை, குசினி பாத்ரூம் மற்ற ஆக்களோட பங்குபோடுற ஹோட்டல் அறையில 6 கிழமைக்கு மேல வைச்சிருக்கக் கூடாது. நாங்களும் அப்பிடி இருந்தனாங்கள், நாலு பேர் ஒரு அறையில, சமைக்கக் கூடாதெண்டு சட்டம், அம்மா ரைஸ் குக்கரை கட்டிலுக்குக் கீழ ஒளிச்சு வைச்சு இரவு பத்து மணிக்குப் பிறகு கதவுக் கீழ துவாயை அடைஞ்சுபோட்டு சோறு போடுவா. 6 கிழமை எண்டு ஒரு சட்டம் இருக்கெண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. 5 மாசம் இருந்தம். நீங்கள் நாளை எண்ணுங்கோ, 6 கிழமை முடிய ஈமெயில் போடுங்கோ.

தாற வீடு சரியில்லையெண்டால் உடன மறுக்காதேங்கோ. மறுத்தால் "எங்கட கடமை முடிஞ்சுது" எண்டு ஃபைலை மூடலாம். முதல்ல எடுங்கோ, எடுத்துக்கொண்டு 21 நாளுக்குள்ள "றிவியூ வேணும்", அதாவது முடிவைத் திரும்பப் பாக்கவேணும், எண்டு எழுதுங்கோ, ரெண்டையும் ஒண்டாச் செய்யச் சட்டம் விடுது. இது தெரியாமல் படிக்கட்டு கூட, பள்ளிக்கூடம் தூரம் எண்டு மறுத்திட்டு நடுரோட்டில நிண்ட குடும்பங்களோட நான் நிண்டிருக்கிறன்.

வெயிற்றிங் லிஸ்ற்றுக்கு ஒன்லைன்ல போடேக்க பேப்பர்தான் எல்லாம். பாஸ்போர்ட், விசா, பிள்ளையளின்ர பிறப்புப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், பாங்க் ஸ்ரேற்மன்ற், கடைசி 5 வருசம் எங்கெங்க இருந்தனீங்கள் எண்டதுக்கு ஆதாரம். வீட்டில ஆக்கள் கூடிப்போச்செண்டால், எத்தனை அறையில எத்தனை பேர், யார் யார், வயசு என்ன எண்டு எழுதுங்கோ. அறைக்கணக்கு பொதுவா இப்பிடி: புருசன் பெண்சாதிக்கு ஒண்டு, வளர்ந்த ஆளுக்கு ஒண்டு, 10 வயசுக்குக் கீழ ரெண்டு பிள்ளையள் ஆணோ பெண்ணோ ஒரு அறை, அதுக்கு மேல ரெண்டு பெடியளோ ரெண்டு பெட்டையளோ எண்டால் ஒரு அறை. வருத்தம் இருந்தால் ஜீபியிட்ட சும்மா "இவருக்கு ஆஸ்துமா" எண்டு லெற்றர் வாங்கிப் பிரயோசனமில்லை. இந்த வீட்டால வருத்தம் எப்பிடிக் கூடுது, வீடு மாறினால் எப்பிடிக் குறையும், அதை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கோ. மாமியாரால மூண்டாம் மாடி ஏற ஏலாதெண்டால், கிழமைக்கு எத்தனை தரம் ஆசுப்பத்திரிக்கு இறங்கவேணும், யார் தூக்கிறது, அந்த மாதிரி. கணக்கில எடுபடுறது அந்த வசனங்கள்தான்.

பிறகு உங்களை ஒரு பாண்டில போடுவாங்கள், ஏ, பி, சி எண்டு, சில கவுன்சில்ல புள்ளி. வீடுகள் கிழமைக்குக் கிழமை வெப்சைற்றில வரும், நீங்கள் "பிட்" பண்ணவேணும். பிட் எண்டால் காசு கட்டி ஏலம் கேக்கிறதில்லை, எனக்கு இந்த வீட்டில விருப்பம் எண்டு அமத்திறது, அவ்வளவுதான். முதல்ல பாண்ட், ஒரே பாண்டுக்குள்ள யார் முதல் பதிஞ்சதெண்டு பாப்பாங்கள். பிட் பண்ணின பிறகு "நீங்கள் 214ஆவது" எண்டு காட்டும், மனசு விட்டுப்போகும், எனக்குத் தெரியும். ஆனா அந்த இலக்கத்தை ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ, எந்த ஏரியா, எத்தனை அறை, லிஃப்ற் இருக்கோ இல்லையோ, எத்தனையாம் இடம். ஒரு 3 மாசம் எழுதினால் எந்த இடத்தில உங்கட இலக்கம் கீழ வருதெண்டு தெரிய வரும். லிஃப்ற் இல்லாத நாலாம் மாடி, ஊரின்ர கரைப் பக்கம், அங்கயெல்லாம் கெதியா நகரும். பிள்ளை பிறந்தால், அட்ரஸ் மாறினால், வருத்தம் கூடினால் உடன லிஸ்ற்றில மாத்துங்கோ. வருசாவருசம் "இன்னும் லிஸ்ற்றில இருக்க விருப்பமோ" எண்டு ஈமெயில் வரும், அதுக்குப் பதில் போடாட்டில் பேரை வெட்டிப்போடுவாங்கள், 7 வருசம் நிண்ட ஆக்களின்ர பேர் அப்பிடிப் போனதைக் கண்டிருக்கிறன்.

வீடு கிடைச்சால், முதல் 12 மாசம் சோதனைக் காலம் மாதிரி, அதுக்குள்ள வாடகை பிந்தினால், அயலட்டையோட பிரச்சினையெண்டால் எடுக்கிறது லேசு. பிறகு பாதுகாப்பான ரெனன்சி (குடியிருக்கிற உரிமை) வரும். வாடகை கிழமைக் கணக்கில, அனேகமா திங்கக்கிழமை விழும். யூனிவர்சல் கிறெடிற் எண்ட அரசாங்க உதவிக் காசு முதல் தரம் வர 5 கிழமை போகும், அந்த 5 கிழமை வாடகை பிந்தும், அதால சாவி வாங்கிற அண்டைக்கே கிளெயிமில அட்ரஸை மாத்திப் புது வாடகையைப் போடுங்கோ, ஒஃபிசருக்கும் சொல்லுங்கோ. வாடகைக் காசு அனேகமா உங்கட அக்கவுண்டுக்குத்தான் வரும், அதைத் தொடாதேங்கோ, ஊருக்கு அனுப்புற அவசரம் எண்டாலும் தொடாதேங்கோ. பெனிபிற் எடுக்கிற, வேலை செய்யிற வயசு ஆக்களுக்கு ஒரு அறை மிச்சமெண்டால் வீட்டு உதவியில 14% வெட்டு, ரெண்டு அல்லது கூட எண்டால் 25%. வீட்டை இன்னொருத்தருக்கு வாடகைக்கு விடுறது 2013 இல இருந்து கிரிமினல் குற்றம், சொந்தக்காரப் பெடியன்தானே எண்டு வீட்டை விட்டிட்டு வேற இடத்தில போய் இருக்கவும் கூடாது.

திருத்தவேலைக்கு வருவம். வீட்டின்ர கூரை, சுவர், யன்னல், தண்ணிக் குழாய், கேஸ், கரண்ட், ஹீற்றிங் எல்லாம் கவுன்சிலின்ர பொறுப்பு. ஃபோன்ல சொன்னால் றெஃபரன்ஸ் நம்பர் வாங்கி எழுதுங்கோ, படம் எடுத்து ஈமெயிலும் போடுங்கோ. ஈரம், பூஞ்சணத்தைப் பற்றித்தான் நான் கூடச் சொல்லவேணும். ஒரு வீட்டில பிள்ளையின்ர அலுமாரியை இழுத்துப் பாத்தம், பின்னால சுவர் கறுத்துப் போய், அலுமாரிப் பலகை கையால அமத்த மாவாக் கொட்டுது, பிள்ளையின்ர பள்ளிக்கூட ஜம்பர் தோள்ப்பட்டையில பச்சையாப் புள்ளி. வந்த ஆள் "யன்னலைத் திறவுங்கோ, சமைக்கிறதைக் குறையுங்கோ" எண்டிட்டுப் போட்டார். 2020 டிசம்பர்ல றொச்டேல்ல அவாப் இஷாக் எண்ட 2 வயசுக் குழந்தை இந்தப் பூஞ்சணத்தாலதான் செத்தது, மரண விசாரணையில அது பதிவாச்சு, அந்தத் தாய் தகப்பனுக்கும் வாழ்க்கை முறைதான் காரணமெண்டு சொல்லித்தான் விட்டிருந்தவை. அந்தப் பிள்ளையின்ர பேரில வந்த சட்டம் 2025 ஒக்ரோபர் 27 இல இருந்து நடைமுறையில இருக்கு: உயிராபத்தான பிரச்சினையெண்டால் 24 மணித்தியாலத்துக்குள்ள வந்து பாத்துப் பாதுகாப்பாக்கவேணும், பாரதூரமான ஈரம் பூஞ்சணமெண்டால் 10 வேலைநாளுக்குள்ள வந்து ஆராயவேணும், ஆபத்தெண்டு கண்டால் 5 வேலைநாளுக்குள்ள பாதுகாப்பாக்கிற வேலை செய்யவேணும். நீங்கள் எழுதேக்க "அவாப் சட்டத்தின்படி" எண்டு எழுதுங்கோ, பிள்ளைக்கு ஆஸ்துமா எண்டால் அதையும் அதே ஈமெயில்ல எழுதுங்கோ.

செய்யேல்லையெண்டால் "கொம்ப்ளெயின்ற்" எண்ட சொல்லைப் பாவிச்சு எழுதவேணும், சும்மா திரும்ப ஃபோன் அடிச்சால் அது கொம்ப்ளெயின்ற் ஆகாது. முதல் கட்டத்துக்கு, பதிஞ்சு 10 வேலைநாளில பதில், திருப்தியில்லையெண்டால் ரெண்டாம் கட்டம் 20 வேலைநாள், அதுக்கும் பிறகு ஹவுசிங் ஒம்புட்ஸ்மன், வீட்டு முறைப்பாடுகளை விசாரிக்கிற தனி அமைப்பு, காசில்லை, லோயர் தேவையில்லை. ஒம்புட்ஸ்மன் நட்டஈடு குடுக்கச் சொல்லலாம், வேலை செய்யச் சொல்லலாம். 2017 ஜூன்ல லண்டன்ல கிரென்ஃபெல் ரவர் எண்ட அடுக்குமாடி எரிஞ்சு 72 பேர் செத்ததுக்கு முதல் அங்க இருந்த ஆக்கள் எத்தனையோ தரம் எழுதினவை, ஒருத்தரும் கேக்கேல்லை. பிறகு வந்த 2023 சட்டத்தாலதான் கவுன்சில்களை இப்ப ஒழுங்குபடுத்துற சபை நேர வந்து பாத்து சி1 (நல்லது) இல இருந்து சி4 (மோசம்) வரைக்கும் தரம் போடுது. உங்கட கவுன்சிலுக்கு என்ன தரமெண்டு தேடிப் பாருங்கோ, சி3, சி4 எண்டால் உங்கட கொம்ப்ளெயின்ற்றில அதையும் ஒரு வரி எழுதலாம்.

வாங்கிறதைப் பற்றி ஒரு சொல். 3 வருசம் இருந்தால் றைற் ரு பை கேக்கலாம், ஆனா 2024 நவம்பருக்குப் பிறகு கழிவு நல்லாக் குறைஞ்சுபோச்சு, லண்டன்ல 1,36,400 பவுண் வரைக்கும் இருந்தது இப்ப கனக்க இடத்தில 16,000 தான். பிளற் வாங்கினால் கூரை, லிஃப்ற் மாத்தேக்க உங்கட பங்குக்குப் பில் வரும், ஆயிரக்கணக்கில, சில நேரம் பத்தாயிரக்கணக்கில. வாங்க முதல் வாற 5 வருசத்துக்கு அந்தக் கட்டடத்தில என்ன பெரிய வேலை இருக்கெண்டு எழுத்தில கேளுங்கோ.

வாடகை கூடுற லெற்றர் பெப்ரவரி, மார்ச்ல வரும். அதுக்கு முதல் கவுன்சில் கூட்டத்தில வீட்டுக் கணக்கு பட்ஜெற் போகும், அந்தப் பேப்பர் வெப்சைற்றில எல்லாருக்கும் திறந்து கிடக்கு, எந்த எஸ்ரேற்றுக்கு யன்னல் மாத்தக் காசு ஒதுக்கினது, எதைத் தள்ளிப்போட்டது எல்லாம் அதில இருக்கும். உங்கட பிளாக்கின்ர பேரை அதில தேடிப் பாருங்கோ, இல்லையெண்டால் உங்கட வட்டாரக் கவுன்சிலருக்கு எழுதுங்கோ, அவையளுக்கு மாசத்தில ஒருநாள் ரெண்டுநாள் சனத்தைச் சந்திக்கிற நேரம் இருக்கும், நேரவும் போகலாம்.

கடைசியா ஒண்டு, கவுன்சிலுக்குப் போகேக்க பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ. முதலே ஃபோன் பண்ணி "ரமில் இன்ரப்பிறிற்றர்" எண்டு சொன்னால் அனேகமான கவுன்சில் ஃபோன்லயாவது ஆள் ஒழுங்கு பண்ணித் தரும், காசில்லை. போன மாரிகாலம் ஒரு 11 வயசுப் பிள்ளை, பள்ளிக்கூட யூனிஃபோமோட, அந்தக் கவுண்டருக்கு முன்னால நிண்டு, ஒஃபிசர் சொன்ன ஒரு நீளமான வசனத்தைக் கேட்டுப்போட்டுத் தாயின்ர முகத்தைப் பாத்தது, பிறகு "அம்மா, நாளைக்கு வரட்டாம்" எண்டு மட்டும் சொன்னது. ஒஃபிசர் சொன்னது அதில்லை. அண்டையில இருந்து நான் ஆரையும் முதல்ல கேக்கிறது இன்ரப்பிறிற்றர் புக் பண்ணினீங்களோ எண்டுதான், பேந்துதான் பேப்பரைப் பாக்கிறது.